ஒப்புதல் வாக்குமூலத்தில் பிறந்த திகில் படம்: ‘ஹென்றி’யை இன்று எப்படிப் பார்ப்பது?

கல்லடிப்பாலம்:

குறைந்த செலவில் திகில் படம் எடுக்க விரும்புபவர்களுக்கு முதலில் எந்தப் படத்தைக் காட்டலாம் என்று கேட்டால், பேயும் பிசாசும் பழைய பங்களாவும் இல்லாத ஒரு படத்தையே நான் சொல்வேன். ஜோன் மக்நோட்டன் இயக்கிய ‘ஹென்றி: போர்ட்ரெயிட் ஒஃப் எ சீரியல் கில்லர்’ என்ற அந்தப் படம் 1985ஆம் ஆண்டு சிக்காகோ நகரில், 16 மில்லிமீற்றர் படச்சுருளில், ஏறக்குறைய 110,000 டொலர் செலவில் எடுக்கப்பட்டது. வீடியோக் கசெற் வியாபாரம் செய்த எம்.பி.ஐ. நிறுவனத்துச் சகோதரர்கள், விற்பதற்கு ஒரு திகில் படம் வேண்டும் என்று பணம் கொடுத்திருக்கிறார்கள். வேற்றுக்கிரகவாசிகளை வைத்துப் படமெடுக்க அந்தப் பணம் போதாது என்றானபோது, தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றில் தாம் பார்த்த ஹென்றி லீ லூக்காஸ் என்ற கொலையாளியின் கதையை இயக்குநர் கையில் எடுத்தார். 1986இல் சிக்காகோ திரைப்பட விழாவில் காட்டப்பட்ட படம், திரையரங்குகளுக்கு ஒழுங்காக வந்து சேர்வதற்கு 1990 ஆகிவிட்டது. இடையில் அமெரிக்கத் தரப்படுத்தல் அமைப்பு அதற்கு வயதுவந்தோருக்கு மட்டுமான ‘எக்ஸ்’ தரத்தைக் கொடுத்ததும் தாமதத்துக்கு ஒரு காரணம்.

நான் இந்த இழையைத் தொடங்கியது படத்தைப் புகழ்வதற்கு மட்டுமல்ல. லூக்காஸ் நூற்றுக்கணக்கான கொலைகளைச் செய்ததாகப் பொலிஸாரிடம் சொன்னதை நம்பி உருவான கதை இது; அவர் சொன்னவற்றில் மிகப் பெரும்பாலானவை பொய் என்பது பின்னர் தெரியவந்தது. அப்படியானால் ‘உண்மைக் கொலையாளியைப் பற்றிய படம்’ என்று இதை இன்னமும் சொல்லலாமா? நாங்கள் சில பேர் சேர்ந்து ஒரு சிறிய திகில் படத்துக்குக் கதை எழுதிக்கொண்டிருக்கிறோம். கிழக்கில் நடந்த ஒரு கொலை பற்றிய பத்திரிகைச் செய்திதான் அதற்கு அடிப்படை. ஆரம்ப அட்டையில் ‘உண்மைச் சம்பவத்தைத் தழுவியது’ என்று போட வேண்டும் என்று ஒரு பகுதியினரும், வேண்டாம் என்று மறு பகுதியினரும் நிற்கிறோம். இந்தப் படத்தைப் பார்த்தவர்கள் தங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

ஒலிவாங்கி:

அண்ணன், உண்மை பொய் விடயத்தைச் சட்டம் தெரிந்தவர்கள் பேசட்டும். களுவாஞ்சிக்குடியில் கலியாண வீடுகளுக்கு வீடியோ எடுத்துப் பிழைப்பவன் என்ற முறையில், பணம் எங்கே மிச்சப்படுத்தப்பட்டிருக்கிறது என்பதைத்தான் நான் முதலில் பார்த்தேன்.

படத்தின் தொடக்கத்தில் கொலை எதுவும் நடப்பதில்லை, எல்லாம் முடிந்துபோய்விட்டது. இறந்து கிடக்கும் உடல்களை நோக்கிக் கமரா மெதுவாக நகர்கிறது, அந்தக் கொலை நடந்தபோது எழுந்திருக்கக்கூடிய அலறலும் அடியும் மூச்சிரைப்பும் ஒலித்தடத்தில் மட்டும் கேட்கின்றன. அந்தப் போராட்டத்தை நடித்துக் காட்டியிருந்தால் சண்டைப் பயிற்சியாளர் வேண்டும், பல கோணங்களில் படம் பிடிக்க நாட்கள் வேண்டும், அப்படியும் மலிவாகத் தெரிந்திருக்கும். ஒலியிடம் ஒப்படைத்ததால் செலவும் இல்லை, பார்ப்பவருக்குத் தப்பிக்க வழியும் இல்லை. கூத்தில் ஒருவன் வதைபடுவதைப் பாட்டும் மத்தளமும் சொல்லிவிடுவதைச் சிறுவயதிலிருந்து பார்த்து வளர்ந்த நமக்கு இது புரிய அதிக நேரம் எடுக்காது.

இரண்டாவதாக, பலரும் பேசும் அந்த வீடியோக் காட்சி. ஹென்றியும் அவனோடு ஒரே வீட்டில் குடியிருக்கும் ஒட்டிஸும் கைக்கு வந்த வீடியோக் கமராவைக் கொண்டுபோய் ஒரு வீட்டுக்குள் புகுந்து, குடும்பத்தினர் மூவரையும் கொல்வதைத் தாங்களே பதிவுசெய்கிறார்கள். நாம் பார்ப்பது அந்த மங்கலான, ஆடிக்கொண்டிருக்கும் வீடியோவை மட்டுமே. ஒளியமைப்பு என்று ஒன்றும் கிடையாது. காட்சி முடியும் தறுவாயில்தான், இருவரும் வீட்டில் சாய்ந்து அமர்ந்து அதே வீடியோவைத் தொலைக்காட்சியில் ஓடவிட்டு ரசித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதும், இவ்வளவு நேரமும் நாம் அவர்களோடு சேர்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்பதும் தெரியவருகிறது. ஒட்டிஸ் அதைப் பின்னுக்குச் சுற்றி மறுபடியும் பார்க்க விரும்புகிறான். பிரித்தானியத் தணிக்கைச் சபையின் பணிப்பாளராக இருந்த ஜேம்ஸ் ஃபேர்மன், 1993இல் கசெற் வெளிவந்தபோது இந்தக் காட்சியின் சில பகுதிகளை வெட்டியதோடு நிற்காமல், இருவரும் அமர்ந்து பார்க்கும் ஷொட்டைக் காட்சியின் நடுவுக்கு நகர்த்திவிட்டார். நாம் பார்ப்பது பதிவுசெய்யப்பட்ட ஒன்று என்பது முன்கூட்டியே தெரிந்துவிடுவதால் காட்சியின் முதுகெலும்பே முறிந்துவிட்டது. முழுமையான வடிவத்துக்கு அங்கே 2003இல்தான் அனுமதி கிடைத்தது. ஒரு ஷொட் எங்கே நிற்கிறது என்பதில் எவ்வளவு அடங்கியிருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல பாடத்தை நான் கண்டதில்லை.

நடிகர்களும் அதிகம் செலவு வைக்கவில்லை. ஒட்டிஸாக நடித்த டொம் டவுல்ஸும் அவனது தங்கை பெக்கியாக நடித்த டிரேசி ஆர்னல்டும் சிக்காகோ நாடகக்காரர்கள். ஹென்றியாக நடித்த மைக்கேல் ரூக்கர் அந்த நாட்களில் துப்புரவு வேலை செய்துகொண்டிருந்தவர். வேலை உடுப்போடு நடிகர் தேர்வுக்கு வந்து, அதே உடுப்போடு படத்திலும் நடித்தார்.

அக்கரையூரான்:

‘உண்மைச் சம்பவம்’ என்பது திகில் படத்துக்கு ஒட்டும் சுவரொட்டிப் பசை. அதற்கு மேல் அதற்கு மதிப்புக் கொடுக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. 1974இல் வெளிவந்த ‘த டெக்சாஸ் செயின் சோ மெசக்கர்’ படத்தைப் பாருங்கள். அதுவும் 16 மில்லிமீற்றரில், 140,000 டொலருக்கு மேற்படாத செலவில் எடுத்ததாகவே சொல்லப்படுகிறது. நடந்த கதை என்று ஒரு குரல் ஆரம்பத்திலேயே சத்தியம் செய்கிறது. ஆனால் அதற்குத் தூண்டுதலாக இருந்த எட் கீன் டெக்சாஸ்காரர் அல்லர், விஸ்கொன்சின் மாநிலத்துப் பிளேன்ஃபீல்ட் ஊர்க்காரர். 1957இல் கைதான அவர் ஒப்புக்கொண்டது இரண்டு கொலைகளையும் கல்லறைகளைத் தோண்டியதையும்தான். இயந்திர வாளுக்கும் அவருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. முகத்தோல் முகமூடியைத் தவிர மற்ற எல்லாமே கற்பனை என்று சொல்லிவிடலாம். அதனால் படம் கெட்டுப்போயிற்றா? ஐம்பது வருடம் கழித்தும் நம் பிள்ளைகள் போனில் அதைப் பார்த்துப் பயப்படுகிறார்கள்.

‘ஹென்றி’ இதற்கு நேரெதிர். இது கற்பனைச் சித்திரிப்பு என்றும், ஹென்றி என்ற பெயருள்ள ஒருவரின் வாக்குமூலங்களை ஓரளவு அடிப்படையாகக் கொண்டது என்றும், அவற்றில் பலவற்றை அவரே பின்னர் மறுத்துவிட்டார் என்றும் தொடக்க அட்டையிலேயே சொல்லிவிடுகிறது. ஒட்டிஸ், பெக்கி ஆகிய பாத்திரங்களைப் பொறுத்தவரை படம் கற்பனையே என்பதும் அதில் இருக்கிறது. அவ்வளவு நேர்மையாகச் சொன்ன படத்திடம் போய் ‘நீ உண்மையா?’ என்று கேட்பது நியாயமில்லை. தம்பி, பேசாமல் உங்கள் படத்தை எடுங்கள், அட்டையில் போடுவதைக் கடைசியில் யோசிக்கலாம்.

சாட்சிக்கூண்டு:

அக்கரையூரான் நானாவின் பதிலில் பாதியை ஏற்றுக்கொள்கிறேன். அட்டை நேர்மையானது. ஆனால் அந்த அட்டையில் உள்ள ‘மறுத்துவிட்டார்’ என்ற ஒரு சொல்லுக்குள் எவ்வளவு பெரிய கதை இருக்கிறது என்பதை அறியாமல் இந்தப் படத்தைப் பேச முடியாது என்று நினைக்கிறேன்.

லூக்காஸ் அப்பாவி அல்லர். 1960இல் மிச்சிகன் மாநிலத்தில் தன் தாயைக் கொன்றதற்காகத் தண்டிக்கப்பட்டு, 1970இல் பரோலில் வெளியே வந்தவர். 1983 ஜூன் மாதத்தில் டெக்சாஸில் துப்பாக்கி வைத்திருந்த குற்றச்சாட்டில் கைதானபின், தன்னோடு திரிந்த ஒரு பதின்ம வயதுப் பெண்ணையும், 82 வயது மூதாட்டி ஒருவரையும் கொன்றதாக ஒப்புக்கொண்டார். அந்த இரண்டோடு நின்றிருந்தால் அவர் பெயர் அந்த மாவட்டத்துக்கு வெளியே தெரிந்திருக்காது. ஆனால் நீதிமன்றத்தில் வைத்தே இன்னும் நூறு பேரளவில் கொன்றிருப்பதாக அவர் சொல்ல, அந்த மாநிலத்துப் பொலிஸ் பிரிவான டெக்சாஸ் ரேஞ்சர்கள் அவருக்கென்றே ஒரு பணிக்குழுவை அமைத்தார்கள். நாடெங்கிலுமிருந்து துப்பறிவாளர்கள் தீராத வழக்குகளின் கோப்புகளைத் தூக்கிக்கொண்டு ஜோர்ஜ்டவுன் சிறைக்கு வந்தார்கள். கேட்பவருக்கு வேண்டிய விடை அவரிடம் இருந்தது. இல்லாவிட்டால் கோப்பிலும் படங்களிலும் கேள்வியிலும் இருந்தது. ஒப்புக்கொள்ள ஒப்புக்கொள்ள அவருக்கு ஸ்ட்ரோபெரி மில்க் ஷேக் கிடைத்தது, சிகரெட் கிடைத்தது, விலங்கில்லாமல் நடமாட முடிந்தது, விமானத்தில் பல மாநிலங்களுக்கு அழைத்துச் செல்லப்பட்டார். இருநூறுக்கு மேற்பட்ட கொலை வழக்குகள் இவ்விதம் ‘தீர்க்கப்பட்டன’.

இதை உடைத்தது மேலதிகாரி எவரும் அல்லர். ஹியூ ஐன்ஸ்வேர்த் என்ற பத்திரிகையாளர் ‘டாலஸ் டைம்ஸ் ஹெரல்ட்’ நாளிதழில் 1985இல் வெளியிட்ட கட்டுரைகள், வேலைப் பதிவுகள் போன்ற சாதாரணத் தாள்களை வைத்தே, கொலை நடந்த நாளில் இந்த மனிதர் எத்தனையோ நூறு மைல் தொலைவில் இருந்தார் என்பதைக் காட்டின. மறு ஆண்டு மாநிலச் சட்டமா அதிபரின் அறிக்கையும் அதே முடிவுக்கு வந்தது. பதினொரு கொலைகளுக்கு அவர் குற்றவாளியாகக் காணப்பட்டார். மரண தண்டனை கிடைத்ததோ ஒன்றுக்குத்தான். 1979 ஒக்டோபர் 31 அன்று நெடுஞ்சாலையோர மதகொன்றில் செம்மஞ்சள் நிறக் காலுறை மட்டும் அணிந்த நிலையில் கண்டெடுக்கப்பட்ட பெண்ணின் வழக்கு அது. அந்த நாட்களில் லூக்காஸ் புளோரிடாவில் வேலை செய்துகொண்டிருந்ததாகப் பதிவுகள் சொல்லின. 1998இல் ஆளுநர் ஜோர்ஜ் டபிள்யூ. புஷ் அந்தத் தண்டனையை ஆயுள் தண்டனையாக மாற்றினார். தமது ஆளுநர் காலத்தில் அவர் அவ்வாறு மாற்றிய மரண தண்டனை அது ஒன்றுதான். 2001 மார்ச்சில் லூக்காஸ் சிறையில் இறந்தார்.

இப்போது காலக்கணக்கைப் பாருங்கள். படம் எடுக்கப்பட்ட 1985தான் பொய் உடையத் தொடங்கிய ஆண்டும். அதாவது நாட்டின் பெரும்பகுதி அவரை வரலாற்றின் மிகப் பெரிய கொலையாளி என்று நம்பிக்கொண்டிருந்த கடைசிக் கணத்தில் இந்தப் படம் பிறந்தது. படத்தில் வரும் ஹென்றியின் பிடிபடாத, ஊர் ஊராய்த் திரியும், முறை மாற்றி முறை மாற்றிக் கொல்லும் இயல்பு, சிறைக்குள் உட்கார்ந்து பொலிஸாரும் லூக்காஸும் சேர்ந்து உருவாக்கிய இயல்பு.

இது நமக்குத் தொலைதூரக் கதை அல்ல. இலங்கையின் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி, பொலிஸ் அதிகாரியிடம் செய்த குற்ற ஒப்புதலை அதைச் செய்தவருக்கு எதிராக எண்பிக்க முடியாது. இந்தப் பாதுகாப்பு 1895 முதல் இருக்கிறது. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு இதற்கு விலக்களித்து, உதவிப் பொலிஸ் அத்தியட்சர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதலைச் சான்றாக்கியது. அது தாமாகக் கொடுத்ததல்ல என்பதை நிரூபிக்கும் சுமையையும் குற்றஞ்சாட்டப்பட்டவரின் தோளில் வைத்தது. மட்டக்களப்பு மாவட்டத்துக் கூலித் தொழிலாளி ஒருவர் 1993இல் கைதாகி, தம்மால் வாசிக்க முடியாத சிங்களத்தில் எழுதப்பட்ட வாக்குமூலத்தில் கைநாட்டு வைத்து, அந்த ஒன்றையே சான்றாகக் கொண்டு 50 ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். மேன்முறையீட்டில் அது 35 ஆண்டாகக் குறைந்தது. நியாயமான விசாரணைக்கான அவரது உரிமை மீறப்பட்டது என்று ஐ.நா. மனித உரிமைக் குழு 2004இல் கண்டது. லூக்காஸைப் பேசவைத்தது சலுகை, இங்கே பேசவைப்பது பெரும்பாலும் அச்சம். ஆனால் அறைக்குள் நடக்கும் வேலை ஒன்றுதான். ஒப்புக்கொண்டார் என்ற சொல்லைப் பத்திரிகையில் படித்ததும் நம்பிவிடும் பழக்கம், மற்ற ஊர்க்காரர்களைவிட நமக்குக் குறைவாக இருக்க வேண்டும்.

மீன்பாடி:

சேர், மன்னிக்கவும், ஒரு திகில் படத்தைப் பற்றிப் பேசவந்த இடத்தில் சட்டக் கல்லூரி விரிவுரை நடக்கிறது. படத்துக்குள் இருப்பதை முதலில் பேசுவோம்.

ஹென்றி தன் தாயைக் கொன்றதைப் பற்றிய இடத்தைக் கவனித்தீர்களா? பேஸ்போல் மட்டையால் அடித்துக் கொன்றான் என்று ஒட்டிஸ் பெக்கியிடம் இரகசியமாகச் சொல்கிறான். பின்னர் சமையலறை மேசையில் பெக்கி கேட்கும்போது, குத்திக் கொன்றதாக ஹென்றி சொல்கிறான். பேச்சு சிறிது நீண்டு தன் தாய் தன்னை நடத்திய கொடுமைகளைச் சொல்லிக்கொண்டே போனவன், சுட்டுக் கொன்றதாகச் சொல்லி முடிக்கிறான். குத்தியதாக அல்லவா சொன்னாய் என்று பெக்கி திருத்தியதும், ஆமாம், குத்தித்தான் என்று சாதாரணமாக ஏற்றுக்கொள்கிறான். அவன் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. பெக்கிக்கும் சந்தேகம் வருவதில்லை. மாறாக, அவள் தன் தந்தை தனக்குச் செய்ததைச் சொல்லி அவனோடு நெருங்கிவிடுகிறாள்.

அப்படியென்றால் இயக்குநருக்கும் எழுத்தாளருக்கும் தெரிந்திருக்கிறது அல்லவா? இவன் வாயில் வருவது நினைவா கதையா என்று அவனுக்கே தெரியாது என்பதைப் படமே சொல்லிவிட்டது. கேட்பவர் எதை எதிர்பார்க்கிறாரோ அதைக் கொடுத்துவிடுகிறான். நீங்கள் இவ்வளவு நீளமாக எழுதியதை ரூக்கர் ஒரு மேசையருகே அமர்ந்தபடியே காட்டிவிட்டார்.

சாட்சிக்கூண்டு:

தம்பி மீன்பாடி, இதை நான் கவனிக்கத் தவறவில்லை என்று பொய் சொல்ல விருப்பமில்லை. அந்தக் காட்சியை அவனது மனக்குழப்பத்தின் அடையாளமாக மட்டுமே எடுத்துக்கொண்டேன். நீங்கள் சொன்னபின் மறுபடியும் பார்த்தேன். அது ஒரு விசாரணைக் காட்சிதான். பெக்கி கேள்வி கேட்கிறாள், அவன் விடை தருகிறான், அவள் திருத்துகிறாள், அவன் திருத்தத்தை ஏற்று ஒப்புதலை முழுமையாக்குகிறான். ஜோர்ஜ்டவுனில் நடந்ததும் இதுதான். அங்கே திருத்தியவர்கள் சீருடையில் இருந்தார்கள்.

திருக்கோவில் ஆசிரியை:

இவ்வளவு நேரமும் கொலையாளியைப் பற்றியும் பொலிஸாரைப் பற்றியும் பேசிவிட்டோம். செத்தவர்களைப் பற்றி ஒருவர்கூடப் பேசவில்லை என்பதைச் சொல்லிவிட்டுத்தான் என் கருத்துக்கு வருகிறேன்.

ஒலிவாங்கித் தம்பி மெச்சிய அந்தத் தொடக்கக் காட்சிகளில் கிடக்கும் பெண்களுக்குப் பெயர் இல்லை, ஊர் இல்லை, தேடி வரும் தாய் இல்லை. கமரா அவர்களை ஓவியம்போல அழகாக அணுகுகிறது. நுட்பம் சிறப்பானது என்பதை மறுக்கவில்லை. ஆனால் அந்த அழகு எனக்கு அருவருப்பாக இருந்தது. காலுறையை வைத்து மட்டுமே அழைக்கப்பட்ட பெண்ணின் பெயரை 2019இல்தான், நாற்பது ஆண்டுகள் கழித்து, கண்டுபிடித்தார்கள். இடைப்பட்ட காலத்தில் அவளைக் கொன்றவர் இவர்தான் என்று ஒரு நீதிமன்றம் தீர்ப்பளித்து, கோப்பை மூடியிருந்தது. அவளை உண்மையில் கொன்றவனை யாரும் தேடவில்லை. ஒரு பொய் ஒப்புதலால் இப்படி எத்தனை கோப்புகள் மூடப்பட்டிருக்கும்? எத்தனை பெற்றோர் ‘கொன்றவன் பிடிபட்டுவிட்டான்’ என்று நம்பி, சில ஆண்டுகளுக்குப் பின் அது பொய் என்று கேள்விப்பட்டிருப்பார்கள்? பிற்காலத்து மரபணுச் சோதனைகளில் சில வழக்குகளில் வேறு ஆட்கள்தான் கொலையாளிகள் என்பது தெரியவந்தபோது, அந்த ஆட்கள் இடையில் சுதந்திரமாக நடமாடியிருந்தார்கள் என்பதையும் சேர்த்தல்லவா அந்தக் குடும்பங்கள் அறிய நேர்ந்தது?

பெக்கியைப் பற்றியும் ஒன்று. படத்தில் அவள் ஒட்டிஸின் தங்கை, மணமாகிக் குழந்தை பெற்ற வளர்ந்த பெண். உண்மையில் லூக்காஸோடு திரிந்த சிறுமி, அவரது கூட்டாளியான ஒட்டிஸ் டூல் என்பவரின் சகோதரியின் மகள். கொல்லப்பட்டபோது அவளுக்குப் பதினைந்து வயதளவில்தான். ஒரு பிள்ளையைப் பெண்ணாக்கி, காதல் சாயல் பூசியதற்கு அந்த அட்டையில் உள்ள ‘கற்பனை’ என்ற சொல் போதுமான சமாதானமா? நான் படிப்பிக்கும் வகுப்பில் அந்த வயதுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். என்னால் அதை அவ்வளவு எளிதாக விட்டுவிட முடியவில்லை.

ஒலிவாங்கி:

ரீச்சர், நீங்கள் சொல்வதில் எனக்கு மறுப்பு இருக்கிறது. இந்தப் படத்தில் துப்பறிவாளர் எவரும் இல்லை. துரத்தலும் கைதும் இல்லை. முடிவில் ஹென்றி வீதியோரத்தில், பெக்கியின் உடல் இருப்பதாக நாம் ஊகிக்கும் ஒரு பெட்டியை இறக்கி வைத்துவிட்டு வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விடுகிறான். செத்தவர்களை யாரும் தேடவில்லை என்பதுதானே அந்த முடிவு? வழக்கமான திகில் படம் கொலையாளியைப் பிடித்துக் கொடுத்து, பார்த்தவரை நிம்மதியாக வீட்டுக்கு அனுப்பிவிடும். இது அந்த நிம்மதியைத் தருவதில்லை.

திருக்கோவில் ஆசிரியை:

தேடவில்லை என்று காட்டுவதற்கும், தேடுபவர்கள் இருக்கிறார்கள் என்பதையே மறந்துவிடுவதற்கும் இடையில் வித்தியாசம் உண்டு. காணாமற்போன பிள்ளைகளின் படங்களைக் கையில் பிடித்தபடி தாய்மார் வீதியோரத்தில் ஆண்டுக்கணக்கில் அமர்ந்திருக்கும் மாவட்டங்கள் நம்முடையவை. அப்படி ஒருத்தி இந்தப் படத்துக்குள் ஒரு நிமிடம் வந்துபோயிருந்தால் படம் பலவீனப்பட்டிருக்கும் என்று நீங்கள் சொல்லக்கூடும். பலவீனப்பட்டிருக்கலாம். இருந்தாலும் நான் அந்தப் படத்தைத்தான் பார்க்க விரும்புவேன்.

அக்கரையூரான்:

ரீச்சரின் கருத்தோடு மோத எனக்கு விருப்பமில்லை. ஆனால் திகிலுக்கும் ஆதாரத்துக்கும் உள்ள உறவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2011 ஓகஸ்ட் மாதம் கிழக்கு மாகாணத்தில் கிறீஸ் பூதம் என்ற பேச்சு கிளம்பியபோது நம் ஊர்கள் எப்படி இருந்தன என்பதை முப்பது வயதைத் தாண்டிய எவரும் மறந்திருக்க மாட்டார்கள். உடம்பெல்லாம் கிறீஸ் பூசிய மனிதன் பெண்களைத் தாக்குகிறான் என்று ஊருக்கு ஊர் பேச்சு. இரவெல்லாம் விளக்கு எரிந்தது. ஆண்கள் தடியோடு தெருமுனையில் காவல் இருந்தார்கள். சில இடங்களில் பாதுகாப்புப் படையினரோடு மோதலும் நடந்தது. கண்டவரை விடக் கேட்டவர்கள்தான் அதிகம். ஆனால் பயம் பொய் இல்லை. அந்தப் பயத்தை ஒரு காசும் செலவில்லாமல் உருவாக்கியது வாய்ப்பேச்சு.

லூக்காஸ் விடயத்திலும் அமெரிக்கர்கள் பயந்தது அவர் செய்ததைப் பார்த்தல்ல, செய்ததாகச் சொன்னதைக் கேட்டுத்தான். சட்டத்தரணி சேர் எழுதியதைப் படித்த பிறகு, ‘சுவரொட்டிப் பசை’ என்று நான் முன்னர் சொன்னதைவிட விடயம் பாரதூரமானது என்று தோன்றுகிறது. பசையைச் சுவரில் பூசினால் குற்றமில்லை. உயிரோடு இருக்கும் ஒருவனின் முகத்தில் பூசினால் வேறு கதை.

இன்னொரு படத்தையும் நினைவுபடுத்துகிறேன். அறுபதுகளில் பம்பாயில் நடைபாதையில் உறங்கியவர்களை அடித்துக் கொன்றதாக 1968இல் பிடிபட்ட ராமன் ராகவ் தமிழ் பேசுபவர் என்பது பலருக்குத் தெரியும். அவருக்கு விதித்த மரண தண்டனை, மனநோயைக் காரணமாகக் காட்டி 1987இல் ஆயுள் தண்டனையாக மாற்றப்பட்டது, 1995இல் இறந்தார். அந்தப் பெயரை வைத்து அனுராக் காஷ்யப் 2016இல் சிறு செலவில் ஒரு படம் எடுத்தார். பெயர் அவருடையது, கதையோ இன்றைய மும்பையில் நடக்கும் வேறொரு கொலையாளியின் கதை. இது அவரைப் பற்றிய படம் அல்ல என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார்கள். தம்பிமாருக்கு அது ஒரு வழியைக் காட்டலாம்.

நெறியாளர்:

கலந்துரையாடல் நன்றாகப் போகிறது. ஒரேயொரு வேண்டுகோள்: கல்லடிப்பாலம் குறிப்பிட்ட உள்ளூர்க் கொலை எது என்பதை ஊகித்துப் பெயர்களை எழுதிய ஒரு பதிலை நீக்கியிருக்கிறேன். வழக்கு நீதிமன்றத்தில் இருக்கிறதா இல்லையா என்பது எதுவாயினும், அந்தக் குடும்பங்களின் பெயர்கள் இங்கே வேண்டாம்.

கல்லடிப்பாலம்:

நெறியாளருக்கு நன்றி. பதில்களை எங்கள் குழுவில் வாசித்துக் காட்டினோம். வாக்குவாதம் முடிந்துவிட்டது என்று சொல்ல முடியாது. மீன்பாடியும் எங்களில் ஒருவர்தான் என்பதால் அது இங்கேயும் தொடர்கிறது.

எங்கள் கதைக்கு ஆதாரமாக இருந்த செய்தியை மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். அதில் இருப்பதெல்லாம், சந்தேகநபர் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகப் பொலிஸார் தெரிவித்தனர் என்ற ஒரு வாக்கியமும், அதைச் சுற்றி நிருபர் கட்டிய பரபரப்பும்தான். வழக்கு என்னவாயிற்று என்று பின்னர் எந்தப் பத்திரிகையும் எழுதவில்லை. நாங்களோ அந்த ஒரு வாக்கியத்தின்மேல் பால்ய காலம், கொடுமைக்காரத் தந்தை, இரவுநேரக் கொலைகள் என்று முப்பது பக்கம் எழுதிவைத்திருக்கிறோம். சட்டத்தரணி சேரிடம் நேரடியாகக் கேட்கிறேன்: பெயரையும் ஊரையும் மாற்றிவிட்டால் போதுமா?

சாட்சிக்கூண்டு:

போதாது. மாவட்டம் சிறியது. காத்தான்குடியில் தும்மினால் ஆரையம்பதியில் கேட்கும் என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பெயரை மாற்றினாலும் கொலை நடந்த விதம், வயது, தொழில், உறவுமுறை ஆகியவற்றில் இரண்டு ஒத்துப்போனால் ஊர் அடையாளம் கண்டுவிடும். வழக்கு நிலுவையில் இருக்குமானால் அந்த மனிதரைக் குற்றவாளி என்று காட்டும் படம் விசாரணையைப் பாதிக்கக்கூடும்; நீதிமன்ற அவமதிப்புவரை அது போகலாம். விடுதலையாகியிருந்தால் அவதூறு வழக்குப் போட அவருக்குக் காரணம் கிடைக்கும். இவை என் தொழில் சார்ந்த பதில்.

தொழில் சாராத பதிலையும் சொல்கிறேன். உங்களிடம் இருக்கும் அந்த ஒரு வாக்கியம்தான் கதை. யாரோ ஒருவர் ஒரு அறைக்குள் எதையோ ஒப்புக்கொள்கிறார், வெளியே ஊர் நிம்மதி அடைகிறது. அவர் செய்தாரா என்பது உங்களுக்குத் தெரியாது, தெரியாமலே எடுங்கள்.

மீன்பாடி:

அப்படியென்றால் இரத்தம் எங்கே, கொலை எங்கே? நாங்கள் எடுக்க நினைத்தது திகில் படம், ஆவணப் படம் அல்ல. கொலையே இல்லாத படத்துக்கு எங்கள் பொடியன்கள் யாரும் வரமாட்டார்கள்.

திருக்கோவில் ஆசிரியை:

மகன், பெக்கியும் ஹென்றியும் மேசையருகே பேசும் காட்சியை எடுத்துக்காட்டியதே நீங்கள்தான். அதில் இரத்தம் இருந்ததா? இந்த இழையில் அனைவரும் திரும்பிப் பார்த்த காட்சி அதுதான்.

மீன்பாடி:

ரீச்சர் என்னை என் பதிலாலேயே மடக்கிவிட்டார். சரி, ஒரு கொலையாவது ஒலியில் வரட்டும் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அதில் நான் விட்டுக்கொடுக்கப்போவதில்லை.

ஒலிவாங்கி:

ஒலியில் வரட்டும், அதை நான் செய்து தருகிறேன். விசாரிப்பவர் கோப்பிலிருந்து படங்களை ஒவ்வொன்றாக மேசையில் வைக்கும்போது அந்தச் சத்தம் கேட்டால், சந்தேகநபரின் நினைவில் கேட்கிறதா விசாரிப்பவரின் கற்பனையில் கேட்கிறதா என்று யாராலும் சொல்ல முடியாது. தனி ஒலிப்பதிவுக் கருவியை மேசைக்கு அடியில் வைத்துவிடலாம், கமரா ஒலியை நம்ப வேண்டாம். கல்லடிப் பக்கத்தில் எடுப்பதானால் கடற்காற்றும் கோயில் ஒலிபெருக்கியும் படுத்தும் பாடு எனக்குத் தெரியும். களுவாஞ்சிக்குடியில் எங்கள் பழைய வீட்டு உள்ளறை இருக்கிறது, சுவர் தடிப்பானது, ஒரு யன்னல்தான். மின்விசிறியை மட்டும் நிறுத்த வேண்டிவரும், நடிகர்கள் வியர்க்கட்டும். ஆரம்ப அட்டையில் படத்தின் பெயரைத் தவிர வேறொன்றும் வேண்டாம் என்பது என் வாக்கு.

கல்லடிப்பாலம்:

அட்டையைப் பற்றிய வாக்கெடுப்பில் பெரும்பான்மை கிடைத்துவிட்டது. ‘உண்மைச் சம்பவம்’ போடப்படாது. பழைய முப்பது பக்கத்தையும் ஒதுக்கிவைத்துவிட்டு விசாரணை அறையிலிருந்து புதிதாக எழுதத் தொடங்குகிறோம். பெண் பாத்திரத்தை ரீச்சர் வாசித்துப் பார்க்கச் சம்மதித்திருக்கிறார். உதவிப் பொலிஸ் அத்தியட்சர் பாத்திரத்துக்கு ஐம்பது வயதளவில், உரத்துப் பேசாத ஒருவர் தேவை; தெரிந்தவர்கள் தனிச்செய்தியில் எழுதுங்கள்.